ஆமைக்கரைக்காக ஆமையை ஏலம் விட்டோம்

ஆமைகள் முட்டையிடும் கரைக்கு வேலி போட வேண்டும், அதற்கு வசூல் வேண்டும். எங்கள் ஆட்கள் எதை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? உயிருள்ள ஒரு ஆமையை! இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

அறுபதுகளில் நாங்கள் கடல் தாண்டித் தீவில், மின்னி பே என்ற ஊரில் இருந்தோம். என் கணவர் தச்சர். அக்கம்பக்கம் பெரும்பாலும் தூத்துக்குடிக் கரையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பிள்ளைகுட்டிகளோடு வளைவுக்கு அப்பால் இருந்த சின்னக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். வேறு போக்கிடம் ஏது? அங்கே ஒரு விடியற்காலையில் மணலுக்குள்ளிருந்து ஆமைக்குஞ்சுகள் பொலபொலவென்று கிளம்பிக் கடலுக்கு ஓடியதைப் பார்த்தேன் பாருங்கள், அன்று பிடித்தது எனக்குப் பைத்தியம். அடுத்த முறை போனால் நாய்கள் மணலைத் தோண்டி முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தன.

நேரே காட்டிலாகா ரேஞ்சரிடம் போய் நின்றேன். வேலிக்கும், குடும்பங்கள் உட்கார பெஞ்சுகளுக்கும் மரம் இலாகா தரும், மற்ற பொருளும் உழைப்பும் ஜனங்கள் தர வேண்டும் என்றார். கோயில் திருவிழா ஏலத்தில் வருவதை இதற்கே தருவதாகப் பங்குச் சாமியாரும் சொல்லிவிட்டார். அந்த மாதம் பணமும் சரக்கும் கொண்டுவரும் கப்பல் தாமதம், யார் கையிலும் காசில்லை. அதனால் பொருளாகவோ வேலையாகவோ ஏலம் கேட்கலாம் என்று ஏற்பாடு.

சேவலும் வாழைத்தாரும் நல்லபடியாகப் போயின. ரேஞ்சரும் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் மீன்பிடிக்கிற என் கொழுந்தன், இன்னும் மூன்று பேரோடு மூச்சிரைக்க ஒரு பெரிய ஆமையைத் தூக்கிவந்து மல்லாத்திப் போட்டான்.

"மதினி, ஆமைக்குத்தானே வசூலு? நேர்ச்சைக்கு ஆமையவே கொண்டாந்துட்டேன்!" முகமெல்லாம் பல்.

"அறிவுகெட்ட மூதேவி!" என்றேன், கோயில் முற்றம் என்பதையும் மறந்து. ஆமை பிடிக்க அப்போது தடை கிடையாது. திருவிழாக் கறி என்றால் எங்கள் ஆட்களுக்கு அதுதான். ரேஞ்சர் எழுந்துவிட்டார். இதை வெட்டினால் என் மரம் வராது, அவ்வளவுதான், என்று இந்தியில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். நான் சாமியாரைப் பார்த்தேன்.

"சாமிக்குக் குடுத்த நேர்ச்சையத் திருப்பிக் குடுக்க முடியாதும்மா," என்று கையை விரித்தார். "ஏலத்துல எடுக்கிறவங்களுக்குத்தான் சொந்தம்."

சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஏலத்தைத் தொடங்கினார். பக்கத்து ஊரான பத்துபஸ்தியிலிருந்து வந்திருந்த காண்ட்ராக்டர் அண்ணாச்சி முன்னால் வந்தார். கும்பிடும் சாமி வேறானாலும் எங்கள் திருவிழாவைத் தவறவிட மாட்டார், ஆமைக்கறி மேல் அவ்வளவு ஆசை.

"வேலி வேலைக்கு என் லாரி, ஒரு நாள்!"

கூட்டம் ஓவென்றது. லாரிக்கு மேல் யாரிடம் என்ன இருக்கிறது?

"எங்க வீட்டுக்காரரு வேலிய அடிச்சுக் குடுப்பாரு!" என்று கத்தினேன். கணவர் திருதிருவென்று விழித்தார்.

"லாரி ரெண்டு நாள்!"

என் மூங்கிலையும் சேர்த்துக்கொள் அக்கா, என்று பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் இந்தியில் கூவினாள். கொழுந்தனுக்கும் அப்போதுதான் உறைத்தது போல. "மரம் கொண்டார என் வள்ளம், மதினி!" என்றான்.

"லாரி ஒரு வாரம்!" அண்ணாச்சி விடுவதாக இல்லை.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "வேடிக்கையா பாத்துட்டு நிக்கிய? உங்க பிள்ளைய விளையாடுத கரைதானே அது!"

அவ்வளவுதான். கயிறு என்றார்கள், ஆணி என்றார்கள், குழி தோண்ட நான் என்றார்கள். தெலுங்குக் கொத்தனார் பெஞ்சுக்குக் கால் கட்டித் தருகிறேன் என்றார். எல்லாரும் சேர்ந்து கேட்கலாமா என்று உபதேசியார் தயங்க, "கேக்கட்டும்!" என்றார் சாமியார். ஒரு தரம். ரெண்டு தரம். அண்ணாச்சி தன் லாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். மூணு தரம்! வங்காளிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

ஆனால் ஆமையை அவ்வளவு தூரம் யார் தூக்குவது? தூக்கிவந்தவர்களுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. எல்லார் கண்ணும் லாரி மேல் போயிற்று.

"கறியும் போச்சு, இப்ப லாரியும் வேணுமாக்கும்?" என்று முறைத்த அண்ணாச்சி, சட்டென்று சிரித்துவிட்டார். "ஏறித் தொலைங்க, சலோ!"

ஆமை, ரேஞ்சர், சாமியார், நாங்கள், எல்லாம் ஒரே லாரியில். கரையில் ஆமையை நிமிர்த்தி வைத்தோம். அது அசையவில்லை. செத்துவிட்டதோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு துடுப்பை ஒரு வீசு வீசி, அண்ணாச்சியின் வெள்ளை வேட்டியில் மணலை வாரி அடித்துவிட்டுக் கடலுக்குள் இறங்கியது.

அண்ணாச்சி முழங்கால் தண்ணீர் வரை அதன் பின்னாலேயே போனார். தூரத்தில் தலை ஒரு முறை மேலே வந்து மூச்செடுத்தது.

"தங்கச்சி, முட்டை போட இங்கனதானே திரும்பி வரும்?"

"நாய் இல்லாட்டி வரும், அண்ணாச்சி."

அவர் வேட்டியைப் பிழிந்தபடி கரையேறினார். "அப்ப அந்த ஒரு வார லாரிய வச்சுக்க. நேர்ச்சைன்னு நினைச்சுக்க."

நேர்ச்சையைத் திருப்பிக் கொடுக்க முடியாதே. வாங்கிக்கொண்டேன்.