காவியாவின் காதும் எங்கள் கேட்டும்

இலவசமாக எதையாவது கொடுக்கப் போய் அடுத்தவர் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும், காசு வாங்கி விற்பது இதைவிட எவ்வளவோ சுலபம். நான் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன். அக்கம்பக்கத்து ப்ளாட்டுப் பிள்ளைகளுக்குக் கண், காது, பல் பரிசோதனை ஏற்பாடு செய்வது என் பொறுப்பு. பரிசோதனையில் சிரமமே இல்லை. ஆளை வரவழைப்பதற்குள்தான் பிராணன் போய்விடும்.

கழுத்தில் தொங்கிய அட்டை

பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் போன் செய்தார். காவியா என்று ஆறு வயதுப் பெண், கூப்பிட்டால் திரும்புவதில்லை, எல்லாரும் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள், தனக்கென்னவோ காதில்தான் சந்தேகம் என்றார். அவள் பள்ளியில் முதலாம் ஆண்டு தொடங்க மூன்று மாதம் இருந்தது. அதற்குள் பார்க்காவிட்டால் அந்தப் பெயரோடுதான் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றே கிளம்பினேன். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, ஐசி என்கிற அடையாள அட்டை நம்பர் கேட்கும் படிவம் என்று பந்தாவாகத்தான் போனேன். அந்த ப்ளாட்டுக்கு இந்தக் கோலத்தில் வழக்கமாக வருகிறவர்கள் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. காவியாவின் அம்மா பரிமளா இரும்புக் கதவைத் திறக்காமலே சொன்னார்:

“வீடு காலி பண்ற விஷயம்னா என் வீட்டுக்காரர் வந்தப்புறம் வாங்கக்கா.”

நடந்து வந்தவர்கள்

மறுநாள் அட்டையைக் கழற்றிவிட்டுப் போனேன். கதவும் திறந்தது, டீயும் வந்தது. ஹோட்டல் துப்புரவு வேலைக்கு லீவு போட்டுவிட்டு சனிக்கிழமை மகளைக் கூட்டிவருவதாகப் பரிமளா ஒப்புக்கொண்டார். அன்று பகல் முழுக்கக் காத்திருந்தோம், வரவில்லை. கோபமாகத்தான் போன் செய்தேன். விஷயம் தெரிந்ததும் கோபம் எங்கள் பல்கலைக்கழக வாசல் கேட்டின் பக்கம் திரும்பியது. அங்கே வருகிறவர்களைப் பதிவு செய்யும் கணினி, வண்டி எண் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதாம். இத்தனை வருஷம் கார் கண்ணாடியை இறக்கிக் கையாட்டிவிட்டுப் போன எனக்கு இது தெரியாது.

“கார் நம்பர் கேட்டாங்கக்கா. எங்ககிட்ட காரே இல்லையே, திரும்பிட்டோம்லா.”

மாட்டிவிட்ட அன்று

நான் விடுகிற ஆளா? திங்கட்கிழமை பாதுகாப்பு அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்து வருகிறவர்களுக்கும் வழி செய்த பிறகுதான் எழுந்தேன். அடுத்த சனிக்கிழமை கேட்டில் நானே நின்று இருவரையும் கூட்டிவந்தேன். செவித்திறன் துறையில் படிக்கும் எங்கள் மாணவர்கள் பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, மந்தமெல்லாம் ஒன்றுமில்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று மகளை அடித்திருப்பதாகச் சொல்லிப் பரிமளா அழுதார்.

டாக்டர், காது அளவு என்று அலைந்து, பள்ளி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது காதுக்கருவி வந்தது. மாணவி ஒருத்தி மாட்டிவிட்டாள். பரிமளா குனிந்து, பழக்கதோஷத்தில் தெருமுனைவரை கேட்கும்படி மகளைக் கூப்பிட்டார். காவியா இரண்டு கையாலும் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

“கத்தாதம்மா, கேக்குது.”

இதற்கெல்லாம் பல்கலைக்கழக ஆண்டறிக்கையில் இரண்டு வரி போதும் என்கிறார்கள் மேலதிகாரிகள், மூன்றாவது வரிக்காக நான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.