ஒளிக்காமல் பேசிய சுகந்தி

சென்ற ஞாயிறு காலை சுகந்தியின் மகள் அழைத்தாள். "ஆண்ட்டி, அம்மா போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்" என்றவள், மேலே தமிழில் பேச வராமல் தெலுங்குக்கு மாறி அழுதாள். நாச்சாரத்தில் எங்கள் ஆலோசனை மையத்துக்கு வந்துபோகிற உங்களில் பலருக்கு சுகந்தியைத் தெரியும். அவர் அங்கே முதலில் எப்படி வந்தார் என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நீதிமன்றம் அனுப்பித்தான் வந்தார். குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்ற பெண்களுக்குக் குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை. சுகந்தி காஞ்சன்பாக்கில் வேலை பார்த்த பொறியாளர். நான் கேட்டதற்கெல்லாம் கூட வந்த கணவரே பதில் சொன்னார். "ஆபீஸ் பார்ட்டில ஒரு நாள் ஆயிடுச்சு மேடம். இவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது." நண்பர்களோடு குடிப்பதுண்டா, பாருக்குப் போவதுண்டா, குடித்துவிட்டுச் சண்டை போட்டதுண்டா? எல்லாவற்றுக்கும் இல்லை. சிக்கல் ஏதுமில்லை என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

சுகந்தி கணவரிடம், "நீங்க கொஞ்சம் வெளில உட்காருங்க" என்றார். கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினார். "ஆம்பளைங்க குடிக்கிற இடத்தையே கேக்கறீங்க. நான் வீட்டு கிச்சன்ல, குக்கர் வெச்சுட்டு, தனியா குடிக்கிறவ. தினமும். அதக் கேளுங்க, சொல்றேன்."

பேசாமல் இருந்திருந்தால் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் சிகிச்சையைக் கேட்டு வாங்கினார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். அதையும் மறுநாளே வந்து சொன்னார். அதன்பின் குடிக்கவேயில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வழக்கில் சிக்கி வரும் பெண்களோடு பேச அவரையே அழைத்தோம். மாமியார் கொடுமையைச் சொல்லி அழுத ஒருத்தியிடம், "அழு, நக்கோ, வேணாம்னு சொல்லல. ஆனா வண்டி ஓட்டினது நீ. எதிர்ல வந்தவனுக்கு உன் மாமியாரத் தெரியாது" என்றார்.

அதே சுகந்திதான், மதுரையிலிருந்து ஐடி வேலைக்கு வந்த ஒரு பெண்ணைக் குடிநோயாளி என்று எங்கள் மருத்துவர் எழுதப்போனபோது தடுத்தார். "பொண்ணு குடிச்சிட்டாளேன்னு உங்களுக்குக் கோபம். அதப் போய் வியாதின்னு எழுதாதீங்க டாக்டர். ஒரு நாள் பண்ண தப்பு வேற, விட முடியாத பழக்கம் வேற." முகம் சிவந்தாலும் மருத்துவர் அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டுப் பேசினார். சுகந்தி சொன்னதுதான் சரியாக இருந்தது. அந்தப் பெண் தண்டனையை அனுபவித்தாள். இல்லாத நோயைச் சுமக்கவில்லை.

இறுதிச் சடங்கன்று வீட்டில் உறவினர்களுக்குத் தெரியாத பெண்கள் பலர் வந்து நின்றார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "நீங்கள்லாம் ஆபீஸாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க. நான் குடிய விட்டவ. அக்காதான் கூட இருந்தாங்க" என்றாள் ஒருத்தி. பெரியவர் திகைத்துப்போய் சுகந்தியின் கணவரைப் பார்த்தார். "ஆமா மாமா, சுகந்தியும் அப்படி விட்டவதான்" என்றார் அவர். குரலைத் தாழ்த்தவில்லை.

தப்பைத் தப்பாகவும் நோயை நோயாகவும் பிரித்துப் பார்க்கிற கண்ணைத்தான் நான் சுகந்தியிடமிருந்து பெற்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடத் தொழிலில் அதை எனக்குக் கொடுத்தவர், நான் மதிப்பிட வேண்டுமென்று என்னிடம் அனுப்பப்பட்டவர். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை.