வண்டிக்கு ஒண்ணுமில்ல

பட்டறையில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். முப்பது வருடமாக அந்தக் காது ஏமாந்ததில்லை என்று பேர்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. டாக்டருக்கு லாரியில் ஏறப் பயம். சிரிக்காதீர்கள். ஒரு சக்கரம் எத்தனை நட்டில் நிற்கிறது, பிரேக் எந்தக் குழாயை நம்பியிருக்கிறது என்றெல்லாம் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பயம் வரும். நமக்குத் தெரியாது, அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறோம். சரிசெய்த வண்டியை ஓட்டிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், "இங்க தலைக்கு மேல வேலை கெடக்கு, நீ போய்ட்டு வா" என்பார். பட்டறை வாசலைத் தாண்டமாட்டார்.

அவருடைய தங்கை லாரி ஓட்டுகிறாள். மலைமேல் கட்டடம் கட்டுகிற இடத்துக்குச் சிமென்ட் மூட்டை ஏற்றிப் போகிற வேலை. வண்டி முதலாளியுடையது, இருபது வயதைத் தாண்டிய கிழம். ஆறு வாரமாக அதற்கு ஒரு நோய். மேட்டில் பாதி ஏறியதும் இழுவை குறையும், இரண்டு முறை முக்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

டாக்டர் சும்மா இருந்துவிடவில்லை. டீசல் ஃபில்டரை மாற்றினார். டேங்கிலிருந்து டீசலை இழுக்கிற ஃபீட் பம்பை மாற்றினார். குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மாட்டி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினார். பட்டறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடவிட்டால் ஒரு தும்மல்கூடக் கிடையாது. மறுநாள் மேட்டில் நின்றுவிடும். நான்கு முறை இப்படி ஆயிற்று. இரண்டாவது முறையோடு, வண்டியில் கூடப் போய்க்கொண்டிருந்த கிளீனர் வேலையை விட்டே போய்விட்டான்.

நான்காவது முறை முதலாளியே பட்டறைக்கு வந்தார்.

"கோளாறு வண்டியிலயா, ஓட்டுற ஆள்கிட்டயா? ஒரே வார்த்தையில சொல்லுங்க டாக்டர்."

பட்டறையே பார்த்துக்கொண்டிருந்தது. தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்கு அந்த நேரத்தில் தன் காதின் பேர்தான் பெரிதாகப் பட்டது. "வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்றார். "பயந்து பயந்து ஓட்டினா எந்த வண்டியும் நிக்கத்தான் செய்யும்."

தங்கையின் முகத்தில் ஈயாடவில்லை. கையைத் துடைத்த துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப நாளைக்கு நீ என்கூட வாண்ணே. பக்கத்துல உக்காந்து பாரு."

"நல்ல யோசனை," என்றார் முதலாளி. "டாக்டர் பார்த்துட்டு சொல்றதுதான் முடிவு. கோளாறு இல்லன்னா வேற ஆள் போட்டுக்கறேன்."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? இப்போதுதானே இன்னொருத்தியைப் பயந்தாங்கொள்ளி என்றது அந்த வாய்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். ஏறும்போதே கதவுக் கைப்பிடி ஈரமாகிவிட்டது. பின்னால் இருநூறு மூட்டை. ஒரு மூட்டை ஐம்பது கிலோ என்று மனசு அதுபாட்டுக்குப் பெருக்கிப் பார்த்தது. தங்கையின் இருக்கைக்கும் இவருடைய இருக்கைக்கும் நடுவே முக்கோணமாக அறுத்த ஒரு மரக்கட்டை கிடந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

சமதரையில் ஒரு மணி நேரம் வண்டி அழகாகப் போனது. மேடு ஆரம்பித்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. அவர் பக்க ஜன்னலில் சாலை தெரியவில்லை, கீழே மரங்களின் உச்சிதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்க முயன்றார். தன் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

ஐந்தாவது வளைவில் இழுவை குறைந்தது. எஞ்சின் ஒருமுறை முக்கியது. இன்னொரு முறை முக்கியது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதி மாதிரி ஒரு பயங்கரத்தை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. பத்து டன் சிமென்டோடு வண்டி பின்னோக்கி நகர்ந்தது. தங்கை பிரேக்கை மிதித்தாள். நின்றது. ஆனால் பழைய பிரேக், கைப்பிரேக்கும் பேருக்குத்தான். எங்கோ "உஸ்" என்று காற்று கசிந்தது. முன்னால் காற்றின் அளவைக் காட்டுகிற முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எஞ்சின் ஓடாமல் அந்தக் காற்று திரும்பி ஏறாது. காற்று தீர்ந்தால் பிரேக் இல்லை. இதெல்லாம் அவருக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? கையும் காலும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"அண்ணே, எறங்கு. கட்டையை வை."

அவர் அசையவில்லை.

"அண்ணே!" என்று கத்தினாள். "கால் எடுத்தா போயிடும். எறங்குண்ணே!"

எப்படி இறங்கினார் என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை. கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் செருகி, பக்கத்தில் கிடந்த கல்லையும் உருட்டி முட்டுக் கொடுத்தார். வண்டி அரை அங்குலம் பின்வாங்கி, கட்டையில் ஏறி உட்கார்ந்தது. சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே நான்கு அடி இருந்தது.

"இதுவரைக்கும் நீ என்னம்மா பண்ணினே?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "கட்டை வைக்க ஆள் இல்லையே?"

தங்கை இறங்கி வந்தாள். அவளுக்கும் உதடு வெளுத்திருந்தது. "ரெண்டு தடவை கிளீனர் வச்சான். ரெண்டு தடவை ஸ்டியரிங்க ஒடிச்சு விட்டுட்டு, பின்னாடியே உருண்டு மலைப்பக்கம் சாஞ்சு நின்னேன். கண்ணாடியில பாத்துக்கிட்டேதான். வேற வழி?"

அவர் கை பழக்கத்தில் டீசல் டேங்குக்குப் போனது. எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் செய்வது அதுதான். ஒருமுறை டீசலே இல்லாத லாரியை அரைநாள் பிரித்துப் போட்டதில் ஊரே சிரித்தது. அதிலிருந்து வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் டேங்க் மூடியைக் கழற்றிக் குச்சி விட்டு அளவு பார்ப்பார். மூடி மேசைமேல் இருக்கும். வண்டி வெளியே போகும்போதுதான் மறுபடி மாட்டுவார்.

மூடியைத் திருகினார். நகரவில்லை. இரண்டு கையாலும் திருகினார். பிடுங்கிக்கொண்டு வந்தது. "ஹ்ஹூ" என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. உள்ளே ஒடுங்கியிருந்த டேங்கின் தகடு "டப்" என்று வெளியே துள்ளியது.

மூடியைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தார். நடுவில் ஊசி அளவுக்கு ஒரு துளை இருக்கவேண்டும். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போகிற வழி அது. அந்த வழி இல்லாவிட்டால் டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் பட்டினியில் சாகும். துளையின் மேல் சாம்பல் நிறத்தில் பசை கெட்டியாக உட்கார்ந்திருந்தது. பசையில் அவருடைய கட்டைவிரல் ரேகை.

ஆறு வாரத்துக்கு முன்னால் வளைவுகளில் அந்தத் துளை வழியாக டீசல் சிந்தி, படி வழுக்கி, தங்கை விழுந்து கணுக்கால் வீங்கியது. "இனி சிந்தாது, நீ கவலைப்படாதே" என்று பாசத்தோடு பசையைப் பிசைந்து ஒட்டியது அவர்தான். பட்டறையில் மூடி எப்போதும் மேசைமேல். நோய் எப்படித் தெரியும்?

"என்னண்ணே, கெடச்சுதா?"

சட்டைப்பையில் கம்பி இருந்தது. ஒரு குத்துக் குத்தினால் போதும், வண்டி சரியாகிவிடும். ஃபில்டரில் தூசி என்று சொன்னால் அவள் நம்புவாள். முப்பது வருடக் காது பிழைக்கும். பள்ளத்தைப் பார்த்தபோது இருந்ததைவிட இப்போதுதான் அவருக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

மூடியை அவள் கையில் கொடுத்தார். "இதை அடைச்சது நான்தாம்மா. நாலு தடவையும் உன்னை உருட்டி விட்டது நான்தான்."

தங்கை மூடியைப் பார்த்தாள், சக்கரத்துக்குப் பின்னால் இருந்த நான்கடியைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். கம்பியை வாங்கி அவளே குத்தினாள். பசை பெயர்ந்து விழுந்தது. மூடியை மாட்டிவிட்டு, "ஏறு," என்றாள்.

"நான் நடந்து வரேனே."

"பயமா?"

"ஆமா." முப்பது வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார். "எப்பவுமே பயம்தான்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கும்தான்," என்றாள்.

அந்த நேரத்தில் முதலாளியின் போன் வந்தது. "என்ன டாக்டர், கோளாறு வண்டியிலயா, ஓட்டுற ஆள்கிட்டயா?"

"ரெண்டுலயும் இல்ல முதலாளி," என்றார். "என்கிட்ட. பட்டறையில எல்லார் முன்னாடியும் வச்சு நானே சொல்றேன்."

எஞ்சின் ஓடியது. முள் ஏறும்வரை காத்திருந்து, கட்டையை எடுத்துக்கொண்டு அவர் ஏறினார். மீதி ஏழு வளைவுக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு கதவுக் கைப்பிடியில் ஒரு கையோடு உட்கார்ந்திருந்தார். பயம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் கண்ணை மூடவில்லை. வண்டி நின்றால் குதித்து இறங்க அவளுக்கு ஒரு ஆள் வேண்டுமே.