ராணி கால் கொடுத்த காலை

அண்ணன் போய் ஓராண்டு நிறைகிறது. இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். எழுதும் வேலையை அண்ணி என்னிடம் விட்டார்கள். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. கோவக்காரருன்னு மட்டும் எழுதிடாத" என்றார்கள். அண்ணன் கோபக்காரர்தான். தெருவுக்கே தெரிந்ததை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

காலடிப்பேட்டையில், இப்போதும் நாங்கள் இருக்கும் இதே வீட்டில், மூத்த பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அண்ணனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பிரிவில் அண்ணன் சேர்ந்தார். இருபது வருடத்துக்கு மேல் அதே இடம், அதே உருப்படி. லாரிக்குப் போகும் ஏதோ ஒரு கொக்கி. அடித்த ஒவ்வொன்றையும் கேஜ் என்ற அளவுக் கருவியில் நுழைத்துப் பார்ப்பார்களாம். அண்ணன் அடித்ததில் ஒன்றுகூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லுவார். கேட்கிறவர் கையில் காபி ஆறிப்போகும்.

அந்த ஆலையை மூடிவிட்டார்கள். அண்ணனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். பல மாதங்கள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குளிக்கச் சொன்னால்கூடச் சண்டை. பிறகு அவராகவே எழுந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கரி உலை வைத்து, காசிமேட்டுப் படகுக்காரர்களுக்குக் கொக்கியும் கடப்பாரையும் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தார். அண்ணிக்கு மூச்சு வந்தது.

அந்தக் கொட்டகைக்குத்தான் ஒருநாள் கபூர் பாய் வந்தார். அவரிடம் மூன்று குதிரைகள் இருந்தன. கல்யாண ஊர்வலமும் கடற்கரைச் சவாரியும்தான் பிழைப்பு. அவருடைய குதிரைகளுக்கு லாடம் கட்டிக்கொண்டிருந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டாராம். "இரும்புல பூந்து வெளாட்ற ஆளாச்சே நைனா நீ. நம்ம ராணிக்கு லாடம் அடிச்சிக் குடேன்" என்றார்.

"லாடந்தானே? அது இன்னா பிரமாதம்!" என்றார் அண்ணன்.

ராணி வெள்ளைக் குதிரை, சாது. காலைத் தொட்டாலே குளம்பைத் தூக்கி ஆளின் மடியில் வைத்துவிடும். இதைக் குதிரைக்காரர்கள் 'கால் குடுக்குது' என்பார்கள். அண்ணன் ராணியின் ஒரு காலை மட்டும் அளந்தார். அந்த அளவுக்கு லாடங்கள் அடித்துச் சுவர் முழுக்க மாட்டினார். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் இம்மி பிசகாது. தொழிற்சாலைக் கண்ணல்லவா! குளம்பு எங்கெல்லாம் லாடத்துக்கு வெளியே நீட்டியதோ, அங்கெல்லாம் அரத்தால் ராவிச் சரிசெய்து ஆணி அடித்தார்.

நான்காம் நாள் ராணி விந்தி நடந்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, குளம்பை அளவுக்கு மீறி ராவியிருக்கிறது, ஓர் ஆணி சதைக்கு அருகில் இறங்கியிருக்கிறது என்றார். லாடங்களைக் கழற்றினார். குளம்பு நம் நகத்தைப் போலத்தான், வளர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை வேலை வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். கபூர் பாய் சத்தம் போடவில்லை. "இன்னா நைனா, காலுக்கு லாடமா, லாடத்துக்குக் காலா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அண்ணன் பதிலுக்குத் திட்டியிருப்பார்.

அன்றே உலை அணைந்தது. படகுக்காரர்கள் வந்தால், ஆள் இல்லை என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார். தினமும் காலையில் மட்டும் ஒரு கட்டு அருகம்புல்லோடு கபூர் பாயின் கொட்டிலுக்குப் போவார். ராணி புல்லைத் தின்னும். அண்ணன் கை காலில் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கும் கால் குடுக்கல" என்பார். "இன்னொரு தபா இந்த மனுசன் சொவத்தப் பாத்து குந்திக்கினா என்னால தாங்க முடியாது. நீயாச்சும் எதுனா சொல்லும்மா" என்று அண்ணி என்னிடம் அழுதார்கள்.

நான் வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன். "ஊர்ல கீற பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரே அளவுல ஜாக்கெட் தெச்சிட்டு, அதுக்கேத்த மாதிரி ஒடம்பச் செதுக்கினு வான்னு சொன்னா, என்னைச் செருப்பாலயே அடிப்பாங்க" என்றேன். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள் என் தையல் மெஷின் பக்கம் வந்து நின்று, "நீ அளவு வெட்டுவியே, அந்தக் காக்கி பேப்பரு கீதா?" என்று கேட்டார்.

கபூர் பாய் ராணியின் குளம்பைத் தூக்கிப் பிடிக்க, அண்ணன் அதைத் தொடாமலே காகிதத்தை வைத்து ஓரம் வரைந்துகொண்டு வந்தார். கூடத்தில் நான்கு காகிதங்களையும் பரப்பினார். "பாரு தங்கச்சி, நாலும் நாலு தினுசா கீது. முன்னங்காலு வட்டம், பின்னங்காலு கூரு. இத்தப் பாக்காம குருடனாட்டம் அடிச்சிகினு இருந்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். உலையை மறுபடி மூட்டி, சுவரில் மாட்டியிருந்த லாடங்களையெல்லாம் இறக்கி அதில் போட்டார்.

அதன் பிறகு நடந்தது பயிற்சிதான். அதிகமாகக் காய்ச்சினால் இரும்பு பூப்பொறி கக்கிக் கருகிவிடும்; குறைவாகக் காய்ச்சினால் வளைக்கும்போது விரிசல் விடும். ஆணித்துளை அரை நூல் அளவு உள்ளே தள்ளி விழுந்தாலும் ஆணி சதையைத் தேடிப் போகும். கெட்டுப்போனவை ஒரு சாக்கு நிறைந்தன. முதலில் ஒவ்வோர் அடிக்கும் காகிதத்தோடு ஒப்பிட்டார். மெல்ல மெல்ல, வளைத்து முடித்த பிறகு ஒரே ஒருமுறை ஒப்பிட்டார். அப்போதும் சரியாக இருந்தது. அண்ணன் மறுபடி காபியோடு கதை பேசத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

ஆனால் லாடம் சரியாக வந்து என்ன, ராணி கால் கொடுக்க வேண்டுமே? குளம்பு வளர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று, அண்ணன் புதுக் காகிதத்தில் மறுபடி ஓரம் வரைந்து லாடம் அடித்தார். மறுநாள் காலை, கபூர் பாய் ராணியை எங்கள் கொட்டகைக்கு ஓட்டி வந்தார். வேறு ஆளை அவர் தேடியிருக்கலாம். தேடவில்லை. ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நம்ம தோஸ்துதான் ராணி, பயப்படாத" என்றார். அண்ணன் குனிந்து காலைத் தொட்டார். ராணி இழுத்துக்கொண்டது. இன்னொருமுறை தொட்டார். மறுபடியும் இழுத்துக்கொண்டது. அண்ணன் நிமிர்ந்து, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு அதன் தோளில் சாய்ந்து நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கை மெதுவாக இறங்கி முழங்காலைத் தாண்டியதும், ராணி குளம்பைத் தூக்கி அவர் மடியில் வைத்தது.

ஒவ்வோர் ஆணியையும் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். கணீரென்று கேட்டால் அடுத்த அடி. நான்கு கால்களும் முடிந்து ராணி சிமெண்ட் தெருவில் நடந்தபோது, நான்கு சத்தமும் ஒரே மாதிரி விழுந்தது. அதுவரை வெளியே வராமல் சமையலறையில் நின்றிருந்த அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வந்தார்கள். அண்ணன் அழுதார். அம்மா இறந்தபோது ஒருமுறை, அன்று ஒருமுறை, அவ்வளவுதான் நான் பார்த்தது.

அதன் பிறகு எண்ணூர் முதல் ராயபுரம் வரை குதிரை வைத்திருந்த எல்லோருக்கும் அண்ணன்தான். பழகிய குதிரையாக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் புதுக் காகிதத்தில் வரைவார். "போன மாசக் காலு வேற, இந்த மாசக் காலு வேற" என்பார். சீக்கிரம் முடி என்று யாராவது அவசரப்படுத்தினால் குதிரையோடு திருப்பி அனுப்பிவிடுவார். கோபக்காரர் என்று சொன்னேனே, அது இதுதான்.

கடைசி மாதங்களில் நெஞ்சு அவரைப் படுத்திவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்போம். கபூர் பாய் தினமும் காலையில் ராணியை அந்த வழியாகவே நடத்திப் போவார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் கை நீட்டி ராணியின் காலைத் தொட்டார். ராணி காலைத் தூக்கியது. பிடிக்க அண்ணன் கையில் வலுவில்லை. அவர் குளம்பைத் தடவிப் பார்த்து முடிக்கும் வரை, ராணி தானாகவே காலைத் தூக்கி வைத்திருந்தது.

அண்ணனைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், எடுத்த அன்று தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற கபூர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. இந்த மலரைப் படிக்க முடியாதவளுக்கு அது. மாலையில் கொட்டிலுக்குப் போய், ஒரு கட்டு அருகம்புல்லோடு நானும் அண்ணியும் நேரிலேயே சொல்லிவிட்டு வருகிறோம்.