கியாருவைத் தேடிய மாலை

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குளியலறைக் கதவு திறந்தது. பதினேழு வயது மகள் மஞ்சள் கூந்தலோடு வெளியே வந்தாள். நாலரைக்கு அவளுக்கு டியூஷன்; அதனால்தான் மணி நினைவிருக்கிறது.

பல மாதங்களாக அவள் சொல்லிக்கொண்டிருந்த உருவம் அது. ஜப்பானியக் கார்ட்டூன்களில் 'கியாரு' என்று ஒரு வகைப் பெண் வருவாளாம். மஞ்சளாக வெளுக்க வைத்த கூந்தல், வேண்டுமென்றே வெயில் காய்ந்து கறுத்த தோல், நீண்ட நகம், உரத்த சிரிப்பு. பள்ளிக்கூடமே அவளைக் கெட்டவள் என்று நினைக்குமாம்; ஆனால் தனியாக இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காருவது அவள்தானாம். "அவ கறுப்பா இருக்கிறதுக்கு வெக்கப்படுறேல்லை அம்மா" என்று ஒருநாள் சொன்னாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "கிறீமைப் பூசிக்கொண்டு போய்ப் படி" என்றேன். அவள் பெரியபிள்ளையான நாளிலிருந்து வெள்ளையாக்கும் கிறீம் வாங்கிக் கொடுத்தவள் நான். கெட்ட எண்ணத்தில் அல்ல. நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்களின் வாய்க்குப் பயந்து.

அன்று வாயில் வந்ததைச் சொன்னேன். "இந்தக் கோலத்தில என்ர பிள்ளையெண்டு சொல்லிக்கொண்டு இந்த வீட்டில இருக்காதை." போனையும் பறித்தேன். அவள் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

டியூஷனுக்கு வரவில்லை என்று ஐந்து மணிக்கு ஆசிரியர் அழைத்துச் சொன்னார். முதலில் கடற்கரைத் தண்டவாளத்துக்குத்தான் ஓடினேன். ஏன் அங்கே என்று எழுத இன்னும் கை வரவில்லை. அங்கே அவள் இல்லை. காலி வீதி பஸ் நிறுத்தத்தில் செவ்விளநீர் விற்பவரிடம் என் போனிலிருந்த படத்தைக் காட்டினேன். "இந்த வெள்ளைப் பிள்ளை இந்தப் பக்கம் வரேல்லை மிஸ்" என்றார் சிங்களத்தில். அடுத்த படத்தைக் காட்டினேன், அதற்கடுத்ததையும். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கோயில், பிறந்தநாள் என்று எல்லாப் படத்தையும் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் போட்டே எடுத்திருக்கிறேன், சொந்தக்காரருக்கு அனுப்புவதற்காக. பிள்ளையைத் தேடுவதற்குப் பிள்ளையின் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. இப்போதும் அவற்றைப் பார்க்கச் சோர்வாக இருக்கிறது, அழிக்கவும் மனமில்லை.

"அவள் கறுப்பு. தலைமயிர் மஞ்சள்" என்று நடு வீதியில் நின்று சொன்னேன்.

"ஆ, அவவா! என்ர இளநீர்ச் சாக்கைத் தூக்கி விட்டிட்டுத்தான் புறக்கோட்டை பஸ்ஸில ஏறினா" என்று அவர் சிரித்தார்.

புறக்கோட்டை என்றால் அதற்கப்பால் கொட்டாஞ்சேனை. அங்கே என் அக்கா இருக்கிறாள். எத்தனை தரம் அழைத்தும் அக்கா எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்குக் கிட்ட ஒரு த்ரீவீல் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் அக்கா. "போனை எடுத்தா நீ கத்துவாய். அதுதான் கையோட கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றாள்.

மகள் இறங்கவில்லை. உள்ளிருந்தபடியே கேட்டாள்: "அம்மா, நான் இந்தக் கோலத்திலதான் இருப்பன். த்ரீவீலை அனுப்பட்டோ, நிக்கச் சொல்லட்டோ?"