சமண மடத்தில் தற்செயலாக

தற்செயலாக ஒருவரைச் சந்திப்பதற்கு மூன்று வாரம் உட்கார்ந்து திட்டம் போட்ட மனிதர் உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருக்க முடியும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சந்திக்க வேண்டிய இடம் செங்கல்பட்டுக்கு அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தால் வருகிற ஒரு மொட்டைக் குன்று. அதன் மேல் ஏதோ ஒரு ராஜா காலத்தில் சமணத் துறவிகள் இருந்த மடம் இடிந்து கிடந்தது. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, மாப்பிள்ளை வீட்டார் அங்கே வைத்துப் பெண் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கல்யாணப் பெண்ணைக் கொண்டுபோய்க் காட்ட இடிந்த மடமா கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதையேதான் கேட்டாள். அப்பாவின் கணக்கு வேறு. அதற்கு முன்பு மூன்று பேர் இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கே வந்து, கேசரி தின்று, காப்பி குடித்து, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வேண்டாம் என்று இரண்டு பேர் எழுதினார்கள். மூன்றாமவர் அதுகூட எழுதவில்லை. அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், சபையில் ஒருவர் மிச்சமில்லாமல் அப்பாவை நிறுத்தி, என்ன சார், தங்கச்சி விஷயம் என்னாச்சு என்று கேட்டார்கள். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆகவே நாலாவது மாப்பிள்ளை வீட்டுக்கு வரக்கூடாது. நாம் மடத்தைப் பார்க்கப் போவோம், அவர்களும் மடத்தைப் பார்க்க வருவார்கள், அட நீங்களா என்று இரண்டு தரப்பும் ஆச்சரியப்படும். ஒத்துவந்தால் கல்யாணம், வராவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அத்தைக்கு இருபத்தெட்டு வயது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்கு இதில் சம்மதமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: சுற்றுலா போகிறோம், அங்கே சிலர் வருவார்கள், அவர்கள் வந்த பிறகுதான் சாப்பாடு.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. தாம்பரத்தில் ரயிலேறி, செங்கல்பட்டில் பஸ் மாறி, நடந்து, குன்றேறி முடிப்பதற்குள் மணி பதினொன்றரை. எட்டுப் பேருக்கான எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வேகவைத்த முட்டை எல்லாம் அடங்கிய கூடையை அம்மாவும் அத்தையும் மாறிமாறித் தூக்கினார்கள். அப்பா கையில் ஒரு பிரம்பு மட்டும், அதுவும் எதையாவது சுட்டிக்காட்டுவதற்கு. மேலே போய்ப் பார்த்தால் கூரை போன மண்டபம், நாலைந்து சாய்ந்த தூண்கள், பின்பக்கம் வரிசையாகச் சில கல் அறைகள், எங்கு பார்த்தாலும் ஆட்டுப் புழுக்கை. இதற்கா இவ்வளவு தூரம் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஆபீஸில் யாரோ சொன்னதை மனப்பாடம் செய்து வந்திருந்தார். இது பெண் துறவிகள் இருந்த மடம், தலைமுடியைக் கையாலேயே பிடுங்கிக்கொள்வார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள், இந்த ஒவ்வோர் அறையிலும் ஒருத்தி. மாப்பிள்ளை வந்ததும் சொல்லப் போவதற்கு எங்களிடம் ஒத்திகை பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. அத்தை அன்று முழுக்கக் கேட்ட ஒரே கேள்வி அப்போதுதான்.

“அவங்க எல்லாம் தானா வந்தாங்களாண்ணா, இல்ல யாராவது கொண்டாந்து விட்டாங்களா?”

“இப்ப அது ரொம்ப முக்கியம்” என்றார் அப்பா.

பன்னிரண்டரை ஆனது, ஒன்று ஆனது. யாரும் வரவில்லை. அப்பா தூண்களைச் சுற்றி நடந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அதைக் காதில் வைத்துக் கேட்டார். வெயிலில் சாதம் கெட்டுவிடும் என்று அம்மா கூடையைப் பின்பக்கத்து அறை ஒன்றில் நிழலாக வைத்து, பக்கத்தில் அத்தையை உட்கார வைத்தாள். புடவை கசங்காமல் இருக்குமாம். எனக்கோ வயிறு கபகபவென்று எரிந்தது. அம்மாவிடம் கேட்டால் அப்பாவைக் கேள் என்றாள். அப்பாவைக் கேட்டால், தொணதொணக்காதே என்றார். என்ன அநியாயம்!

கோபித்துக்கொண்டு அறைகளின் பின்னால் போய் நின்றேன். அந்தப் பக்கத்துச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு குளம், கரையில் தலையில்லாத கல் சிலை ஒன்று. அதன் பக்கத்தில் கறுப்புக் குடையோடு ஒரு அம்மாள், கழுத்தில் காமிரா தொங்க ஒரு ஆள், இன்னொரு பெரியவர். மூன்று பேரும் யாரையோ எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். சோறு வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அத்தையிடம் ஓடி, வந்துட்டாங்க, காமிரா வச்சிருக்காங்க என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அத்தை எழுந்து வந்து, அறையின் சுவரோரமாக நின்று, கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள்.

“அவங்க வேற யாரோ” என்றாள். திரும்பி வந்து கூடையைத் திறந்து, ஒரு முட்டையை உரித்து என் கையில் கொடுத்தாள். அதைத் தின்று முடித்ததும் இன்னொன்று. “யார்கிட்டயும் சொல்லக்கூடாது, என்ன?” என்றாள். வாய் நிறைய முட்டையை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

மூன்று மணிக்கு அம்மா பொறுமை இழந்தாள். கீழே இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால்தான் என்ன என்று கேட்டாள். அப்பா பதறிப்போனார்.

“தேடிக்கிட்டுப் போனா அப்புறம் அது எப்படித் தற்செயல்? பொண்ண வச்சிக்கிட்டு அலையறோம்னு ஆயிடும்.”

அம்மா நேரே போய்க் கூடையைத் திறந்தாள். இரண்டு முட்டை குறைகிறதே என்று அவள் என் பக்கம் திரும்புவதற்குள், பசி தாங்கல அண்ணி, நான்தான் சாப்பிட்டேன் என்றாள் அத்தை. பெண் பார்க்க வந்த இடத்தில் முட்டை தின்றாளாம் என்று அம்மா முணுமுணுத்தாள். அத்தைமேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல.

சாதம் லேசாக வாடை அடித்தது. அதையே தின்றுவிட்டுக் கீழே இறங்கினோம். வழியில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அப்பா, சும்மா கேட்பதுபோல, இங்கே வேறு யாராவது வந்தார்களா என்று விசாரித்தார்.

“கொளத்தாண்ட ஒரு அம்மா கொடை வச்சிகினு நின்னுனு இருந்துச்சே. இன்னும் ரெண்டு பேரு கூட கீறாங்க. இப்பத்தான் போறாங்கோ. இன்னாத்துக்கு சார், ஒங்க ஆளுங்களா?”

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர்களும் தேடி வரக்கூடாது என்று காலையிலிருந்து கீழேயே நின்றிருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் தற்செயல் அவ்வளவு முக்கியம்! அத்தை என் கையை இறுகப் பிடித்தாள். முட்டை விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்து நானும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அடையாளம் தெரியாமல் போய்விட்டது பாவம் அத்தைக்கு என்றும் நினைத்தேன்.

அதன்பிறகு கடிதப் போர். மடம் என்றால் மேலேதான் மடம் என்று அப்பா எழுதினார். சிலைதான் முக்கியம், பார்க்க வந்தவர்கள் சிலையைப் பார்க்காமலா போவார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். ஏறி வர முடியாதவர்களுக்குப் பெண் எதற்கு என்று இவர் பதில் போட்டார். அதோடு முறிந்தது. இனி என் தங்கையை எவனுக்கும் காட்ட மாட்டேன் என்று அப்பா வீட்டில் சத்தம் போட்டார். அத்தை அந்த ஜூனிலேயே மேற்கொண்டு படிக்கச் சேர்ந்தாள். பிறகு தலைமை ஆசிரியை ஆனாள், சேலையூரில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டாள். அதில் ஒவ்வொரு ஜன்னலையும் எங்கே வைப்பது என்று அவளேதான் முடிவு செய்தாள்.

அப்பா மட்டும் ஓயவில்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் குடைக்காரியைத் திட்டாமல் எழுந்திருக்க மாட்டார். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், எட்டிக் கீழே பார்த்திருந்தால் இவள் வாழ்க்கை நன்றாக இருந்திருக்கும் என்பார். அத்தை எனக்கு நேரெதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். என்னையே பெண் பார்க்க ஆள் வந்து, கையில் காப்பித் தட்டைக் கொடுத்து முன்னறைக்குப் போ என்று தள்ளிவிடும்வரை, இத்தனை வருஷமும் நான் வாயைத் திறக்காமல் காப்பாற்றி வந்தது அந்த இரண்டு முட்டையைத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.