ஹம்சா அணைத்த ஸ்விட்ச்

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் தமிழர்கள் கூடும் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், தட்டில் இட்லி விழுவதற்கு முன்னால் ஒரு கேள்வி விழுந்துவிடும். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" கேட்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. படிப்பைப் பிடித்துக்கொண்டே கடல் தாண்டி வந்த கூட்டம், வேறு எதைத்தான் கேட்கும்? ஹம்சா, "கோயம்புத்தூர்ல காலேஜ்" என்று சொல்லிவிட்டுச் சட்னி எடுக்க நகர்ந்துவிடுவாள். அது பொய்யில்லை. இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்டு, சபரிநாதனோடு விமானம் ஏறியதை அவள் சேர்த்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வந்த புதிதில், மனைவிக்கென்று கொடுத்த விசாவில் வேலைக்குப் போக வழியில்லை. பிறகு ரோஷினி பிறந்தாள். கிரீன் கார்டு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று போக்குக் காட்டி, ஒருவழியாக வந்து சேர்ந்தபோது ஹம்சாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரோஷினி ஹைஸ்கூல் கடைசி வருஷம். மகளுக்குக் காலேஜ் தேடிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரில் துழாவிக்கொண்டிருந்தவள் கண்ணில்தான் அந்த அறிவிப்பு பட்டது. ஒரு பெரிய டெக் கம்பெனி. பெயர் எதற்கு, உங்கள் வீட்டிலும் அவர்கள் சாமான் ஏதாவது ஒன்று இருக்கும். வாரத்தில் ஐந்து நாள் அங்கே வேலை, சனிக்கிழமை காலேஜ். சம்பளமும் உண்டு, ஃபீஸையும் அவர்களே கட்டுவார்கள். கடைசியில் டிகிரி. டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்று அதற்குப் பெயர்.

"எனக்கு வேணாம்மா. வை டோண்ட் யூ அப்ளை?" என்றாள் ரோஷினி, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே. அவள் விளையாட்டாகச் சொன்னதை அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்ளை பண்ணினாள், பரீட்சை எழுதினாள், இன்டர்வியூவில் உட்கார்ந்து பதில் சொன்னாள். எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு ரிவ்யூ. அதில் தேறினால் டிகிரி முடிகிறவரை இருக்கலாம். தேறாவிட்டால் வேலையோடு காலேஜ் சீட்டும் போய்விடும்.

அவளைப் போட்டது ஹார்ட்வேர் லேபில். புது மெஷின்கள் விற்பனைக்குப் போவதற்கு முன்னால் அவற்றை ஓட்டி, சூடாக்கி, படுத்தியெடுத்துப் பார்க்கும் இடம். அவளுக்கு வேலை கற்றுக்கொடுக்கவும் ரிவ்யூவில் அவளைப் பற்றிச் சொல்லவும் நியமித்திருந்தது க்ரிஷ்ஷை. இருபத்தேழு வயது. பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். முதல் நாளே, "ஹாய் ஹம்சா!" என்றான். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளில் பழகிவிட்டது. ஒரு மாதத்தில் பிடித்தும்விட்டது. அத்தனை வருஷமாக அவள் ரோஷினி அம்மாவாகத்தானே இருந்தாள்?

ஹம்சாவிடம் ஒரு பழக்கம் உண்டு. நம் ஊர் வீடுகளில் பிளக்குக்குப் பக்கத்திலேயே ஸ்விட்ச் இருக்கும். அமெரிக்கச் சுவரில் அது கிடையாது, சொருகியதும் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். அவள் மனசுக்கு இது என்றைக்கும் ஒப்பியதில்லை. மிக்ஸி, டோஸ்டர், சார்ஜர் என்று எல்லாவற்றையும் ஸ்விட்ச் வைத்த பவர் ஸ்ட்ரிப்பில் சொருகி, கிளம்பும்போது ஒரே தட்டாகத் தட்டி அணைத்துவிட்டுத்தான் வாசல் தாண்டுவாள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்கு உடம்பே கூசும்.

ரிவ்யூவுக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், லேபிலிருந்து கடைசியாகக் கிளம்பியவள் அவள்தான். மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்ன ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைக்கடியில் இருந்த ஸ்ட்ரிப்பின் ஸ்விட்ச்சுக்குக் கை தானாகப் போனது, அணைத்தது. திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து, அதே கையால் மறுபடி போட்டாள். அந்த ஸ்ட்ரிப்பின் கடைசி ஓட்டையில், மேஜைக்குப் பின்னால் சுற்றி வந்த ஒரு கறுப்பு ஒயரும் சொருகியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. வாரக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய சோதனை மெஷினின் ஒயர் அது. சுற்றிலும் இருந்த மற்ற மெஷின்களின் இரைச்சலில், ஒன்று நின்றதும் தெரியவில்லை, எழுந்ததும் தெரியவில்லை.

திங்கள் மத்தியானம் லேபே கலவரமானது. மெஷின் தானாக அணைந்து, தானாக எழுந்திருக்கிறது! பக்கத்திலிருந்தவை ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆகவே கட்டடத்துக் கரண்ட்டில் கோளாறு இல்லை. மிஞ்சியது மெஷினுக்கு உள்ளே மின்சாரத்தைப் பங்கிடும் போர்டு. அதை வடிவமைத்தவன் க்ரிஷ். ஒன்றரை வருஷ உழைப்பு. தொடர்ந்து பழுதாகும் போர்டையாவது சரி பண்ணலாம், இஷ்டத்துக்கு நின்று இஷ்டத்துக்கு ஓடும் போர்டை யார் நம்புவார்கள்? க்ரிஷ் போர்டைக் கழற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்கில் மேனேஜர் டெனிஸ் விவரத்தைப் படித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியை ஒட்டி நின்றது, திங்கள் காலை எட்டுக்குள் எழுந்தது. ஹம்சா கிளம்பிய நேரம், ஹம்சா வந்த நேரம். அவளுக்கு அந்த ஸ்ட்ரிப்பின் ஸ்விட்ச் நினைவுக்கு வந்தது. மீட்டிங் முடிந்ததும் மேஜைக்கடியில் குனிந்து அந்தக் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். அது நேராக அந்தச் சோதனை மெஷினில் போய் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சபரிநாதனிடம் சொன்னாள். நல்ல மனுஷன்தான். ஆனால் ஆள்குறைப்பு என்று கம்பெனிகள் செய்த மூன்று லேஆஃப் பார்த்தவர். அடிபட்டவருக்குத்தானே பயம்.

"யாராவது உன்னைக் கேட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காத. நாளன்னிக்கு ரிவ்யூ. அது முடியட்டும்."

"அந்தப் பையன் சாப்பிடக்கூட மாட்டேங்கறான்."

"அவன் சின்னப் பையன், சிட்டிசன், எங்க போனாலும் வேலை கிடைக்கும். உனக்கு இன்னொரு சான்ஸ் வருமா, சொல்லு?"

வராது. அது அவளுக்கும் தெரியும். இந்த ஆறு மாதத்தில், சமையல் மேடையில் கால்குலஸ் புத்தகத்தைச் சாத்தி வைத்துக்கொண்டு தாளித்தபோதெல்லாம் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி மாளாது. பத்தொன்பது வயதில் விட்ட இடத்திலேயே தனக்காக யாரோ இடம் பிடித்து வைத்திருந்ததுபோல் இருந்தது. அதை எப்படி விடுவது? ஆனால் கண்ணை மூடினால் மைக்ராஸ்கோப்பின்மேல் கவிழ்ந்த அந்தத் தலைதான் வந்து நின்றது.

புதன்கிழமை மீட்டிங்கில், க்ரிஷ்ஷின் போர்டைத் தூக்கிவிட்டுப் பழைய போர்டையே போட்டுவிடலாமா என்று டெனிஸ் கேட்டார். க்ரிஷ் சரி என்று தலையாட்டினான். ஹம்சாவால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டாள். ராத்திரி முழுக்க மனசுக்குள் அடுக்கி வைத்த இங்கிலீஷ் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"போர்டு நல்ல போர்டு. நான்தான் ஸ்விட்ச் ஆஃப் பண்ணேன். மண்டே நான்தான் ஆன் பண்ணேன்." இதை எந்த மொழியில் சொன்னாளோ, எல்லோருக்கும் புரிந்தது.

டெனிஸ் ஏன் என்று கேட்டார். "எங்க வீட்ல, கடைசியா வெளிய போறவங்க எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான் போகணும்" என்று இங்கிலீஷில் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். டெனிஸ் சிரிக்கவில்லை. சோதனையை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், இது ரிவ்யூவிலும் வரும் என்றார். க்ரிஷ் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டாள் ஹம்சா. கோபப்படட்டும், நியாயம்தானே.

மறுநாள் மத்தியானம் ரிவ்யூ அறைக்குள் க்ரிஷ்ஷும் டெனிஸும் போனார்கள். ஹம்சா வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்திருந்தாள், கேட்டால் உடனே கொடுத்துவிடலாம் என்று.

க்ரிஷ் மட்டும் வெளியே வந்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு, அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாக, தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினான்.

"ஆன்ட்டி, டூ டேஸா நான் தூங்கல. என் போர்டு தப்பு, நான் யூஸ்லெஸ்னு நெனச்சேன். ரிசைன் மெயில் டைப் பண்ணி வச்சுட்டேன். உங்களுக்கு ரிவ்யூ இருக்குன்னு தெரிஞ்சும் சொன்னீங்க. டெனிஸ் கேட்டாங்க, ஹம்சா வேணுமான்னு. ஷி ஸ்டேஸ், இல்லன்னா நானும் இல்லன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. நெக்ஸ்ட் டெஸ்ட்டை நீங்கதான் ரன் பண்ணப் போறீங்க."

ஆபீஸில் ஆன்ட்டி என்று கூப்பிடக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஹம்சா முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். சீட் தங்கியதற்காகப் பாதி. அந்தப் பிள்ளை அனுப்பாமல் வைத்திருந்த மெயிலை நினைத்து மீதி.

சாயங்காலம் வீட்டில், தோசைக்கல்லின் முன்னால் நின்றபடியே சபரிநாதனிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவர் தட்டில் இருந்த தோசையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். ரெண்டு மாஸ்டர்ஸ் டிகிரி வாங்கியவர்.

"நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன், ஹம்சா" என்றார் கடைசியில்.

அவள் பதில் சொல்வதற்குள் எழுந்து வந்து, அவள் கையிலிருந்த தோசைக் கரண்டியை வாங்கிக்கொண்டார். கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றிக் கோணல்மாணலாக இழுத்தார்.

"சனிக்கிழமை காலேஜ்ல டெஸ்ட் இருக்குன்னியே. போ, போய்ப் படி."

'படி' என்று அவளிடம் யாராவது சொல்லி எத்தனை வருஷம் ஆகிவிட்டது! ஹம்சா ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தோசை தீய்கிற வாசனையைக்கூடப் பொருட்படுத்தாமல், படிக்கப் போனாள்.